மைனாவின் அலகு நான்கு முறை திறக்கும்

பெங்களூரில் தமிழ் பேசுகிறவர்கள் நிறையப் பேர். தமிழில் எழுதத் தெரிந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. எனக்கு வேலை கிடைத்ததற்கு இதுதான் காரணம். கோலார் தங்கவயலில் தமிழ் வழியில் படித்தேன். சுரங்கம் மூடிய பிறகு அப்பா எங்களை ஆஸ்டின் டவுனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா பத்தாவதோடு நிறுத்திவிட்டாள். நான் கொஞ்சம் மேலே படித்து, ஏதேதோ வேலை பார்த்து, கடைசியில் வைட்ஃபீல்டில் ஒரு கார்ட்டூன் ஸ்டூடியோவில் உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட குழந்தைகள் தொடருக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை.

தொடரில் ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு மைனா, ஓர் ஆமை. ஒவ்வொரு பாகமும் ஏழு நிமிடம். ஆறே முக்கால் நிமிடம் ஆட்டுக்குட்டி ஏதாவது தப்பு செய்யும், மைனா கத்தும். கடைசிப் பதினைந்து வினாடியில் ஆமை வந்து மெசேஜ் சொல்லும். பல் தேய்க்க வேண்டும், பொய் சொல்லக் கூடாது, பகிர்ந்து சாப்பிட வேண்டும். எங்களிடம் ஒரு பெரிய கணினி அட்டவணை இருந்தது. அதில் மெசேஜ் என்று ஒரு பத்தி. அதை நிரப்பாவிட்டால் கட்டம் சிவப்பாகிவிடும். சிவப்புக் கட்டம் உள்ள கதையை அடுத்த ஆள் தொடமாட்டார்.

இதைத் தவிர, சேனல்காரர்கள் கொடுத்த விதிப் பட்டியல் ஒன்றும் உண்டு. நெருப்பு காட்டக் கூடாது. கத்தி கூடாது. ஆட்டுக்குட்டி மூன்று வினாடிக்கு மேல் அழக் கூடாது. எந்தத் தொழிலையும் சாதியையும் மதத்தையும் தாழ்த்திக் காட்டக் கூடாது. ஒவ்வொரு விதிக்கும் எதிரில் டிக் போட்டு அனுப்புவேன். ஆறு வருடத்தில் ஒரு டிக்கைக்கூட நான் மறந்ததில்லை.

வெளியில் இருப்பவர்களுக்கு இந்த வேலையில் கடினமானது அர்த்தம் என்று தோன்றும். கடினமானது வாய். படம் முதலிலேயே ஆங்கிலத்துக்குத் தகுந்த மாதிரி வரையப்பட்டிருக்கும். மைனாவின் அலகு இரண்டு முறை திறந்தால் நானும் இரண்டு அசையில் முடிக்க வேண்டும். அதனால்தான் எங்கள் ஆட்டுக்குட்டி "மன்னிச்சிடு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. எப்போதும் "ஸாரி"தான். தமிழ்ப் பண்பாடு எங்கே போனது என்று ஒருவர் வீடியோவுக்குக் கீழே எழுதியிருந்தார். அது அலகுக்குள் போகவில்லை என்று பதில் எழுத எனக்கு அனுமதி இல்லை.

சுத்தம் பற்றிய பாகம் வந்தபோது எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது. ஆட்டுக்குட்டி சந்தில் சிப்ஸ் பாக்கெட்டை வீசுகிறது. உடனே ஒரு பூதம் வருகிறது. கூன் விழுந்த உடம்பு, சேற்று நிறம், முதுகில் ஒரு மூட்டை, தலையைச் சுற்றி நான்கு ஈ. குப்பை போடும் பிள்ளைகளை அது மூட்டையில் போட்டுக்கொண்டு போகும். ஆட்டுக்குட்டி பயந்து பாக்கெட்டைப் பொறுக்கித் தொட்டியில் போட, பூதம் திரும்பிப் போய்விடும். ஆங்கிலத்தில் அதற்கு அழுக்கு என்கிற மாதிரி ஒரு பெயர். மைனா அந்தப் பெயரைச் சொல்லி மூன்று இடத்தில் கத்துகிறது. அலகு நான்கு முறை திறக்கிறது, நான்காவது முறை திறந்தபடியே நிற்கிறது.

"அழுக்குப் பூதம்" என்று முதலில் எழுதினேன். ஐந்து அசை. மேலும் "தம்" என்று முடிக்கும்போது வாய் மூடிவிடும், மைனாவோ வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். "பூச்சாண்டி" மூன்றுதான். மதியம் வரைக்கும் யோசித்தேன். சின்ன வயதில் நாங்கள் சாப்பிட அடம்பிடித்தால், சாக்குக்காரன் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று அம்மா சொல்வாள். அது ஞாபகம் வந்தது. சாக்-குக்-கா-ரா. நான்கு அசை, கடைசியில் நெடில். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அதையே வைத்துப் பாட்டும் எழுதினேன்.

சாக்குக்காரா சாக்குக்காரா
சந்துக்குள்ளே நுழையாதே
ஆட்டுக்குட்டி சமத்தாச்சு
அவளைத் தூக்கிப் போகாதே

பாட்டைக் கேட்டுவிட்டுக் கதைப் பிரிவின் தலைவர் என் மேசைக்கு வந்து பாராட்டினார். சென்னைக்காரர், என்னைவிட எட்டு வயது சிறியவர். ஆங்கிலத்தைவிடத் தமிழ் நன்றாக இருக்கிறது என்றார். விதிப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். தொழில் பற்றிய விதிக்கும் போட்டேன். என் கை அங்கே தயங்கியதாக ஞாபகமில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்கா குப்பை ஆட்டோவில் வேலை செய்கிறாள். காலை ஆறரைக்கு ஆரம்பித்து, எங்கள் ஆஸ்டின் டவுன் சந்துகளிலேயே வீடு வீடாக வாங்குவார்கள். ஈரக் குப்பை ஆட்டோவின் தொட்டிக்குள் போகும். உலர்ந்த குப்பையை ஓர் அண்ணன் சாக்கில் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குப் பின்னால் நடப்பார். ஐம்பதைத் தாண்டியவர். அவர் குடும்பமும் தங்கவயல்தான். கொஞ்சம் குனிந்து நடப்பார். அது சாக்கினாலா, வயதினாலா என்று நான் விசாரித்ததில்லை.

அந்தப் பாகம் வெளிவந்து பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள், இரண்டாம் வகுப்பு, தரையில் படுத்துக்கொண்டு போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பாட்டு யாருடி எழுதினது?"

"நான்தான். ஏன்?"

"இல்ல, கேட்டேன்."

மீனைத் திருப்பிப் போட்டுக் கழுவினாள். பிறகு சொன்னாள்.

"சந்துல பசங்க எல்லாம் அதான் பாடுதுங்க. அண்ணனப் பார்த்தா பாடிட்டே ஓடுதுங்க."

"அவர் என்ன சொல்றாரு?"

"அவரு என்ன சொல்றாரு. அவரும் உறுமிட்டுத் துரத்துறாரு. சாக்க விரிச்சுக் காட்டுறாரு. பசங்களுக்கு ஜாலி. அவருக்கும் ஜாலி. ரவுண்டு முடிய அரை மணி நேரம் லேட்டாவுது. அதுக்கப்புறம் நான் போய் சமைச்சு, இவள ஸ்கூலுக்கு அனுப்பணும்."

அவளுக்கு இருந்த குறை நேரம் மட்டும்தான் என்று எனக்குப் பட்டது. எனக்குள் ஏதோ ஒன்று இடறியது உண்மை. ஆனால் அண்ணனே ரசிக்கிறார் என்று கேட்டதும் அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மீன் சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் மூன்றாவது சந்தில் ஒரு பெண்குழந்தை அவரைப் பார்த்துப் பாடிக்கொண்டு ஓடும்போது கால் தடுக்கி விழுந்தது. முன்பல் ஒன்று விழுந்தது. ஏற்கெனவே இரண்டு நாளாக ஆடிக்கொண்டிருந்த பால்பல். அக்காதான் தூக்கி உட்கார வைத்தாள். குழந்தை பல்லைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தது என்கிறாள். குழந்தையின் அம்மா அதைப் படம் எடுத்து சந்து வாட்ஸப் குழுவில் போட்டார். குப்பை எடுக்க வரும் ஆள் குழந்தைகளை மிரட்டுகிறார் என்று எழுதினார். அவர் பார்வையில் அதில் பொய் எதுவும் இல்லை. அண்ணன் மிரட்டத்தான் செய்தார். அந்தக் குழந்தை தினமும் வாசலில் நின்று அந்த மிரட்டலுக்காகக் காத்திருந்தது என்பது படத்தில் விழவில்லை.

மூன்றாம் நாள் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி வந்து அண்ணனை வேறு வார்டுக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார். அக்கா எனக்குப் போன் செய்தாள். நான் ஆபீஸ் போகும் மெட்ரோவில் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணன மாத்திட்டாங்க."

"எங்க?"

"வைட்ஃபீல்ட் பக்கம் எங்கியோ. ரெண்டு பஸ் மாறணும்."

"நான் என்னக்கா செய்யறது?"

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். சொன்னேன்."

அன்று ஆபீஸில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன். அவர் கன்னட வசனம் எழுதுகிறவர், மண்டியா பக்கம். என்னோடு பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார். அந்தப் பூதத்துக்குக் கன்னடத்தில் என்ன பெயர் வைத்தீர்கள் சார் என்றேன்.

"கொளெராயா," என்றார். கொளெ என்றால் அழுக்கு. அழுக்கு ராஜா. அதுவும் நான்கு அசை, கடைசியில் நெடில்.

எவ்வளவு நேரம் யோசித்தீர்கள் என்று கேட்டேன். டீ குடித்து முடிப்பதற்குள் வந்துவிட்டது என்றார். ஒரே படம், ஒரே அலகு. அவர் பூதத்துக்கு ராஜ பட்டம் கொடுத்திருந்தார். நான் வேலை கொடுத்திருந்தேன்.

தலைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"எந்த விதியை மீறியிருக்கோம்?"

"தொழிலைத் தாழ்த்தக் கூடாதுன்னு இருக்கே, அது."

அட்டவணையைத் திறந்து பார்த்தார்.

"நீங்க டிக் போட்டிருக்கீங்களே."

"ஆமா. தப்பாப் போட்டுட்டேன்."

தப்பாகப் போட்ட டிக்கை என்ன செய்வது என்று அந்த அட்டவணையில் வசதி இல்லை. அவர் சேனலுக்கு எழுதிக் கேட்டார். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. தமிழில் அதிகம் பார்க்கப்பட்ட பாகம் அதுதான், எடுக்க முடியாது. வேண்டுமானால் அதே பூதத்தை வைத்து இன்னொரு பாகம் செய்யலாம். மெசேஜ், உழைப்பவர்களை மதிப்போம். கட்டத்தை அவர்களே நிரப்பி அனுப்பியிருந்தார்கள்.

இந்த முறை எல்லா மொழிக்கும் நானே முதல் கதையை எழுத வேண்டும் என்றார் தலைவர். ஒரே நாளில் எழுதினேன். ஈக்களை எடுத்தேன். பூதத்துக்குத் தொப்பி கொடுத்தேன். ஆட்டுக்குட்டியும் நண்பர்களும் கேலி செய்கிறார்கள். பூதம் மரத்தடியில் உட்கார்ந்து, "நான் கெட்டவன் இல்லை" என்று அழுகிறது. மூன்று வினாடி விதி ஆட்டுக்குட்டிக்கு மட்டும்தான் என்பதால் ஒன்பது வினாடி அழ வைத்தேன். ஆட்டுக்குட்டி மனம் மாறித் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துப்போய் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"எதுக்கு அழுறான்?"

"கேலி பண்றாங்க இல்ல."

"அதுக்கு யாருடி உக்காந்து அழுதுட்டு இருக்காங்க? அடுத்த வீட்டுக்குப் போவணும். ஆட்டோ நிக்காது."

அழுகைக் காட்சியை அடித்துவிட்டேன்.

"தண்ணி யாரு கொண்டாந்து குடுக்குறாங்க?"

"யாரும் குடுக்கறதில்லியா?"

"ரெண்டு வீட்டுல குடுப்பாங்க. நாங்களே பாட்டில் எடுத்துட்டுப் போவோம். சரி, அந்த மூட்டையில என்ன இருக்குது?"

எனக்குத் தெரியவில்லை. வரைந்தவருக்கும் தெரியாது, சேனல்காரர்களுக்கும் தெரியாது. இரண்டு பாகம் ஆகியும் அதை யாரும் கேட்டிருக்கவில்லை. அக்கா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பால் கவர், சிரப் பாட்டில், ஒற்றைச் செருப்பு, உடைந்த பொம்மை, கல்யாணப் பத்திரிகை, செல்போன் வந்த அட்டைப்பெட்டி, இன்னும் நன்றாக இருக்கிற சட்டை.

பிறகு மெசேஜுக்கு வந்தோம். "உழைப்பவர்களை மதிப்போம்" என்று படித்தேன். அக்கா அடுத்த துணியை எடுத்து உதறினாள். உனக்கு என்ன சொல்லணும் என்று கேட்டேன். அவள் முதலில் சொன்னதைக் குழந்தைகள் படத்தில் வைக்க முடியாது. இரண்டாவதையும் முடியாது. மூன்றாவது, உடைந்த கண்ணாடியை அப்படியே கவரில் போடுகிறார்கள், கை கிழிகிறது என்றாள். எங்கள் விதியில் ரத்தம் காட்டக் கூடாது. நான்காவதாகச் சொன்னாள்.

"கவருல போட்டு இறுக்கி முடிச்சுப் போடுறாங்க. உள்ள என்ன இருக்குதுன்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்க்கணும். நகம் போவுது. முடிச்சுப் போடாதீங்கன்னு சொல்லு. அது போதும்."

தலைவர் அதைப் படித்துவிட்டுக் கேட்டார்.

"இது சமூக மெசேஜா?"

"எனக்குத் தெரியல சார். அவங்களுக்கு இதுதான் வேணுமாம்."

மெசேஜ்களின் பட்டியல் ஒன்று அவரிடம் இருந்தது. சுத்தம், நேர்மை, மரியாதை, நட்பு என்று போகும். முடிச்சு அதில் இல்லை. கடைசியில் மரியாதை என்ற தலைப்பின் கீழ் அதைச் சேர்த்தார். கட்டம் பச்சையானது. பூதத்தின் மூட்டையில் ஆட்டுக்குட்டியின் காணாமல் போன செருப்பு கிடைக்கிறது, மூட்டையில் உள்ளவற்றை எல்லோரும் சேர்ந்து பிரிக்கிறார்கள், ஆமை வந்து கவரில் முடிச்சுப் போடாதீர்கள் என்கிறது. எனக்குத் தெரிந்து எங்கள் ஆமை சொன்னதிலேயே அதுதான் மிகச் சின்ன வாக்கியம். மீதிப் பன்னிரண்டு வினாடி சும்மா கையாட்டியது.

அந்தப் பாகத்தை அதிகம் பேர் பார்க்கவில்லை. பாட்டும் எடுபடவில்லை. ஆனால் அக்கா மகள் முழுதாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்துபோய் வீட்டில் இருந்த எல்லா முடிச்சையும் அவிழ்த்தாள். துவரம்பருப்புக் கவர், ரவைக் கவர், மிளகாய்த்தூள் கவர். அக்கா வேலையிலிருந்து வரும்போது அடுக்களைத் தரையில் மூன்றும் கலந்து கிடந்தன. தொடரால் ஒரு குழந்தையின் நடத்தை மாறியதாக நான் நேரில் அறிந்தது இந்த ஒன்றுதான்.

அண்ணனை அதற்கும் சில நாள் கழித்துப் பார்த்தேன். மெட்ரோவில் இறங்கி ஆபீஸ் தெருவுக்குத் திரும்பும்போது, ஒரு குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே ஆட்டோ நின்றிருந்தது. பக்கத்தில் அவர் இருந்தார். சாக்கு இல்லை. சக்கரம் வைத்த நீலநிறத் தொட்டி ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ஏம்மா, இங்கதான் வேலையா?"

"அந்தக் கட்டடம்தான் ண்ணா."

"அங்கயும் நாங்கதான் எடுக்குறோம். பேப்பர் கப்பு ரொம்ப வருது."

போய்விடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. பிறகு சொன்னேன்.

"அண்ணா, அந்தப் பாட்டு நான்தான் எழுதினேன்."

"எந்தப் பாட்டு?"

"சாக்குக்காரா பாட்டு."

என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"முழுசாவா?"

"நாலு வரிதான் ண்ணா."

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார். "மூணாவது வரிதான் பசங்களுக்கு வரல."

"ஆட்டுக்குட்டி சமத்தாச்சு."

"அது சமத்தாச்சா? பசங்க ஆட்டுக்குட்டி செத்துப்போச்சுன்னுதான் பாடுச்சுங்க. நானும் அப்படித்தான்னு நெனச்சேன். செத்துப்போன ஆட்ட எதுக்கு நான் தூக்கிட்டுப் போறேன்னு இருந்துச்சு."

எங்கள் சந்தில் யாரும் சமத்து என்று பேசுவதில்லை. எனக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பாட்டில் மெசேஜ் இருந்த ஒரே வார்த்தை அது.

"உங்கள மாத்தினது அதனாலதான் ண்ணா. என் பேர்லதான் தப்பு."

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். தொட்டியின் மூடியைச் சரியாக மூடினார்.

"அது ஆடிட்டிருந்த பல்லும்மா," என்றார். "சரி, நீ எழுதுறவதானே. எனக்கு ஒரு மனு எழுதிக் குடு. ரெண்டு பஸ் மாறி வரமுடியல. நாலரைக்குக் கிளம்பணும். பழைய எடம் இல்லாட்டியும் பரவால்ல, ஒரு பஸ்ல போற எடமா இருந்தாப் போதும்."

மத்தியானம் உட்கார்ந்து ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவர் எத்தனை வருடமாக இந்த வேலையில் இருக்கிறார், குழந்தைகள் அவரிடம் எவ்வளவு பிரியமாக இருந்தார்கள், பல் எப்படி ஏற்கெனவே ஆடியது, ஒரு பாட்டு எப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது, உழைப்பவர்களை ஏன் மதிக்க வேண்டும் என்று எல்லாம் இருந்தது. கன்னடத்தில் இருக்க வேண்டும் என்பதால் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார்.

"அவருக்கு ஏன் பேக்கு? என்ன வேணும்?"

"ஒரே பஸ்ல போற மாதிரி வார்டு."

"அது கடைசி வரியில வருது," என்றார். ஒரு புதுத் தாளை எடுத்து, பெரியவருக்கு வயதாகிவிட்டது, இரண்டு பஸ் மாறி வருவது கஷ்டம், பக்கத்தில் உள்ள வார்டுக்கு மாற்றித் தர வேண்டுகிறேன் என்று மூன்று வரி எழுதினார். அண்ணன் அடுத்த நாள் காலையில் கேட்டுக்கு வெளியே அதை வாங்கி, ஆட்டோவின் முன்பக்கம் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். அவரை அல்சூர் பக்கம் மாற்றிவிட்டதாக அக்கா சொன்னாள். ஒரே பஸ். ஆனால் அங்கே எல்லாம் மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. மேலே ஏறிப்போய் வாங்கிவர வேண்டியிருக்கிறதாம், முழங்கால் வலிக்கிறதாம். அதற்கும் ஒரு மனு எழுதட்டுமா என்று கேட்டேன். அவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இன்னும் சொல்லவில்லை.